சைக்கிள் பிரேமுக்குள் இறுகிய கேபிள்

செவ்வாய், இரவு.

தம்பி முரளியின் சைக்கிளை நாளை பங்காருபேட்டையிலிருந்து ஒருவர் வந்து எடுத்துப் போகிறார். விபத்தில் கால் போன பிறகு, கொடுத்துவிடலாம் என்று அவனேதான் சொன்னான். கியர் கேபிளை மட்டும் மாற்றித் தரும்படி அவர் கேட்டிருந்தார். சாயங்காலம் அதை மாற்ற நான் உட்கார்ந்தேன். கேபிளின் மேலுறை பிரேமுக்குள் நுழையும் துளையிலேயே இறுகிக் கிடந்தது. இழுத்துப் பார்த்தும் அசையவில்லை.

"என் வேர்வைதான்க்கா. உப்பு பூத்துப் புடிச்சிக்கிச்சி," என்றான் கட்டிலில் இருந்தபடி. மைசூர் மைன்ஸ் சுரங்கத்து மேட்டில் தினமும் சைக்கிள் மிதித்தவன்.

துளையில் எண்ணெய் விட்டேன். ஊறியதும் பிளையரால் மெல்லத் திருகினேன். கேபிள் வரவில்லை, சைக்கிளைத் தர முடியாது என்று அவரிடம் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் கையோடு வந்துவிட்டது.

"வந்துச்சாக்கா?"

"வந்துச்சிடா."

பழைய கேபிளை என்னிடமிருந்து வாங்கிப் பார்த்தான். பிறகு, "இன்னாத்துக்குக்கா அவ்ளோ சீக்கிரம் எடுத்த?" என்றான்.

புதுக் கேபிளை மாட்டி முடித்ததும் சைக்கிளைத் தன் கட்டிலோரம் நிறுத்தச் சொன்னான். நிறுத்தினேன். விளக்கை அணைத்துவிட்டு வந்தும் அவன் தூங்கவில்லை. படுத்தபடியே கையால் பெடலைச் சுற்றிக்கொண்டிருக்கிறான். சத்தம் இங்கே கேட்கிறது. போதும்டா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.