கரடி மணி

அன்புள்ள அப்பாவுக்கு, சயோ வணங்கி எழுதுவது. கணவாயில் குளிர் இறங்கியிருக்கும். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம்.

ஊரிலிருந்து டோக்கியோ திரும்பிய மறுநாளே ஒரு கூத்து. பழைய நகாசெந்தோ சாலையில் உங்களோடு நடந்தபோது, கரடி விலகிப் போகட்டும் என்று என் பையில் மணி கட்டினீர்களே, அதைக் கழற்ற மறந்து வேலைக்குக் கிளம்பிவிட்டேன். ஷிஞ்சுகு போகும் காலை ரயிலில் மூச்சுவிட இடமில்லை. ஆனாலும் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். என் மணி மட்டும் கிணுகிணுத்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் சீறினார்: "ஏம்மா, ஷிஞ்சுகுல கரடியா வருது? கழட்டித் தொலைம்மா!"

சிரிப்பு வருகிறதா? வேலை விஷயம் தவிர, இந்த வாரம் என்னிடம் ஒருவர் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

அம்மா புளிக்கப்போடும் கீரை கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்கள். இங்கே கடையில் விற்பதில் புளிப்பே இல்லை.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கணவாயில் வழிப்போக்கர் தங்கும் நம் விடுதியை அண்ணனுக்குக் கொடுத்தீர்கள். எனக்கு இந்த மணி. அதையும் கடிதத்தோடு அனுப்புகிறேன், அவனே கட்டிக்கொள்ளட்டும். இங்கே மணி அடிக்காமலே எல்லோரும் விலகித்தான் போகிறார்கள்.

சயோ