‘குளிர்’ என்று எழுதிய கவர்

என் அருமைச் சிநேகிதிக்கு,

இன்று காலை பஞ்சடைத்த ரஜாய்ப் போர்வையை வெயிலில் போடுவதற்காக இரும்புப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனையோடு அடியிலிருந்து உன் பழுப்புக் கவர் வந்தது. ஆபீஸில் ஏற்கெனவே பயன்பட்ட கவர். பழைய விலாசத்தை அடித்துவிட்டு, உன் குண்டுக் கையெழுத்தில் ‘குளிர்’ என்று எழுதியிருந்தாய். மயூர் விஹார் பால்கனியில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

எழுபதுகளின் கடைசி. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ் ஒன்றில் ஓர் அறையும் சமையலறையும் உள்வாடகைக்கு எடுத்திருந்தோம். நீ திருநெல்வேலி, நான் கும்பகோணம். இருவரும் குமாஸ்தாக்கள், நீ எனக்கு ஒரு வருடம் முன்பே டெல்லிக்கு வந்தவள். என் முதல் சம்பளம் கைப்பையோடு சுற்றியது, இருபதாம் தேதிக்குள் காலியானது. அடுத்த சம்பளத்தன்று நீ பாயில் உனக்கொரு வரிசை, எனக்கொரு வரிசையாகக் கவர்களைப் பரப்பினாய். வாடகை, பால், பஸ் பாஸ், மணியார்டர், ஊர், குளிர். வெளியே ஜூன் மாத அனல் காற்று. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

“சிரிக்காதட்டி. டிசம்பர்ல பல்லு கிடுகிடுன்னு ஆடும்போது கவர்மெண்டா வந்து போத்திவிடும்?”

சிரித்துக்கொண்டேதான் போட்டேன், சிரித்துக்கொண்டேதான் எடுத்தும் செலவழித்தேன். ஜூலையில் செருப்பு, தீபாவளிக்கு மார்க்கெட்டில் ஒரு புடவை. கும்பகோணத்துக்காரிக்குக் குளிர் என்றால் மார்கழிக் காலையில் ஒரு சொம்பு வெந்நீர். அதற்குத் தனிக் கவர் எதற்கு?

டிசம்பரில் அப்பாவின் இன்லண்டு வந்தது. “ஜனவரியில் வருகிறேன். சம்பாதித்தும் உன் பாட்டை நீ பார்த்துக்கொள்ள முடியவில்லை என்றால், வேலையை விட்டுவிட்டு என்னோடு கிளம்பு.” சொன்னால் செய்கிற மனிதர். அந்த வேலையோ எனக்கு உயிர். என்னிடம் இருந்தது ஒரு மெல்லிய போர்வையும் உன் ரஜாயில் பாதியும்தான். அழுதுவிட்டேன்.

“கவரைப் பாத்தியாட்டி?”

“அதான் காலிடீ. நான்தானே எடுத்துட்டேன்.”

“மறுபடி பாரு.”

இரண்டு ரஜாய்க்குப் பணம் இருந்தது! “நீ எடுப்பேன்னு தெரியும். மாசாமாசம் பாதியை ஒளிச்சு வச்சேன்” என்றாய். நம்பினேன். கணக்குப் போடத் தெரிந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அப்பா வந்தார். அறையை அவருக்கு விட்டுவிட்டு நாம் சமையலறையில் படுத்தோம். கிளம்பும் நாளில், ஆணியில் தொங்கிய கவர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். “குளிருக்குக்கூடவா?” என்றார். அதன்பின் வேலையை விடும் பேச்சையே அவர் எடுக்கவில்லை. ரிடையராகும்வரை அதே வேலையில் இருந்தேன்.

அந்தப் பொங்கலுக்கு நீ ஊருக்குப் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று சொன்னாய். பிப்ரவரியில் ஒருநாள் பெருக்கும்போது உன் ‘ஊர்’ கவர் கீழே விழுந்தது. ரயில் டிக்கெட்டுக்காக ஒரு வருடம் சேர்த்த கவர், உள்ளே ஒன்றுமில்லை. உன்னைத் திட்டித் தீர்த்தேன். நீ அரிசி களைந்துகொண்டே, “திருப்பியெல்லாம் தர வேண்டாம். ஒருவாட்டி எங்கூட எங்க ஊருக்கு வா, போதும்” என்றாய்.

அன்றே என் வரிசையில் ஒரு கவர் கூடியது: ‘உங்க ஊர்’. எந்த நெருக்கடியிலும் அதில் கைவைத்ததில்லை. ஆனால் கல்யாணம், குழந்தைகள், மாமியாரின் உடம்பு என்று பயணம் மட்டும் தள்ளிக்கொண்டே போனது. நீ ரிடையராகி ஊரோடு போன பிறகும் போனில் “எப்பட்டி வாரே?” என்பாய். அடுத்த வருஷம் என்பேன். பணத்தை ஒதுக்கக் கற்றுக்கொடுத்தாய். நாளை ஒதுக்க நான் கற்றுக்கொள்ளவில்லை.

போன மாதம் உன் மகன்தான் போன் செய்தான், நீ போய்விட்டாய் என்று.

நேற்று ‘உங்க ஊர்’ கவரைப் பிரித்துத் திருநெல்வேலிக்கு டிக்கெட் எடுத்தேன், ஓர் ஆளுக்கு. இப்போது உன் ‘குளிர்’ கவரையும் பையில் வைத்துவிட்டேன். உங்கள் ஊரில் குளிராது என்று தெரியும். இருந்தாலும் கொண்டு வருகிறேன்.