மூன்று திமில் ஒட்டகம்

செஞ்சி
15-12-1963

அன்புள்ள மகன் பால்சாமிக்கு அம்மா ராயம்மாள் எழுதிக்கொள்வது. சேசு மரி சூசை மூவரும் உன் பக்கத்திலேயே இருந்து காப்பாற்றுவார்களாக. இங்கே நான், உன் நைனா, தங்கச்சி லில்லி, சினைப்பசு உட்பட எல்லோரும் சௌக்கியம். ஜோத்பூர் மணலில் நீ சளி இருமல் இல்லாமல் இருக்கிறாயா, பட்டாளத்தில் போடுகிற ரொட்டி வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா, எழுது. சௌக்கியம் என்று எழுதிவிட்டேனே தவிர எனக்கும் உன் நைனாவுக்கும் கொஞ்ச நாளாகப் பேச்சே இல்லாமல் இருந்து நேற்றுத்தான் சரியாயிற்று. சண்டைக்குக் காரணம் ஒட்டகம். பயப்படாதே, மண் ஒட்டகம்தான்.

நம் சட்டிபானைக் கடையில் நைனா செய்வார், எதை முகப்பில் வைப்பது எதைப் பின்னால் போடுவது என்று நான் பார்ப்பேன், இது உனக்குத் தெரிந்த ஏற்பாடுதான். கிறிஸ்துமஸ் வருகிறதே என்று குடிலுக்கு ஆடுகள், இடையர்கள், சம்மனசுகள் எல்லாம் செய்தார், நன்றாகவே இருந்தன. ஒரு சம்மனசுக்கு மட்டும் எப்படியோ மீசை வந்துவிட்டது, அதன் இறக்கையை உடைத்துவிட்டு இடையர்களோடு சேர்த்துவிட்டேன். மனுஷன் அதோடு விட்டாரா, பாலன் சேசுவைப் பார்க்க வருகிற மூன்று ராஜாக்களுக்கும் ஒட்டகம் இல்லாமல் எப்படி என்று உட்கார்ந்துவிட்டார். ஒட்டகத்தை அவரும் பார்த்ததில்லை நானும் பார்த்ததில்லை. திமில் ஒன்று என்றேன் நான், இரண்டு என்றார் அவர். பால்சாமி ஊரில் ஒட்டகம் தெருவிலேயே நடக்கிறதாமே, ஒரு கார்டு போட்டுக் கேட்போம் என்றேன். "அவன் பதிலு வர்றதுக்குள்ள ராஜாங்க வந்துட்டுப் போயிடுவாங்க" என்றவர், "நீ சொன்னது ஒண்ணு, நான் சொன்னது ரெண்டு, யாருக்கும் மனத்தாங்கல் வேணாம்" என்று கூட்டி மூன்று திமில் வைத்துவிட்டார். அதுவும் ஒரு சூளை நிறைய. முகத்தைப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் பல்வலி.

இதை முகப்பில் வைத்தால் சட்டி வாங்க வருகிறவர்களும் ஓடிப்போவார்கள் என்று அடுப்புகளுக்குப் பின்னால் தள்ளிச் சாக்குப் போட்டு மூடினேன். அவர் சாக்கை எடுப்பார், நான் மூடுவேன், அவர் எடுப்பார், இப்படியே பேச்சு நின்றுபோயிற்று. சந்தையன்று நான் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துப் பானைகளையெல்லாம் உள்ளே தள்ளிவிட்டு ஒட்டகங்களை வரிசையாக நிறுத்திவிட்டார். திரும்பி வந்தால் கடை முன்னால் கூட்டம். வாங்குகிற கூட்டமில்லை, இது என்ன மிருகம் என்று தர்க்கம் பண்ணுகிற கூட்டம். டீக்கடை முருகையன் கழுதை என்கிறார், இன்னொருத்தர் சிங்கமேதான் என்கிறார். பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்த டிரைவர், "இன்னாய்யா இது, நம்ம செஞ்சி மலையா? மூணு மலையும் இருக்குது, கோட்டை எங்க?" என்று கேட்டாரே பார், ஊரே சிரித்தது. உன் நைனா முகம் செத்துப்போய் உள்ளே போய் உட்கார்ந்தவர் மத்தியானம் கூழ்கூடக் குடிக்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை. நான் திட்டலாம், ஊரார் சிரிக்கலாமா? "சிரிக்கிறவங்க அந்தாண்ட போய்ச் சிரிங்க, வாங்குறவங்களுக்கு வழி விடுங்க" என்று ஒரு சத்தம் போட்டேன்.

வழி விட்டதில் முன்னால் வந்து நின்றவள் தளவானூர் கமலாம்பாள், வாய் நிறைய வெற்றிலை. ஒட்டகத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திமில்களுக்கு நடுவே இரண்டு பள்ளம் இருக்கிறதே, மடியிலிருந்து எடுத்து ஒன்றில் சுண்ணாம்பு டப்பியை வைத்தாள், மற்றதில் பாக்கைக் கொட்டினாள். "இத்தினி நாளா இதத்தான் தேடிக்கினு இருந்தேன், இந்த வெத்தல பன்னி ஒண்ணு குடும்மா" என்றாள். உள்ளேயிருந்து நைனா, "அது ஒட்டகம்!" என்று கத்தினார். "இன்னாவா இருந்தா இன்னா, நாத்தனாருக்கும் ஒண்ணு குடு" என்றாள். அவ்வளவுதான், சந்தைக்கு வந்த பெண்கள் எல்லோருக்கும் வெற்றிலை போட ஒன்று வேண்டியதாகிவிட்டது. நைனா வெளியே வந்து, ஒட்டகம் என்று வாயால் சொல்கிறவர்களுக்குத்தான் கொடுப்பேன் என்று நின்றார். எல்லோரும் பள்ளிக்கூடம் மாதிரி வரிசையில் நின்று சொல்லிச் சொல்லி வாங்கினார்கள். பல்லில்லாத ஒரு பாட்டி "ஒத்தகம்" என்றாள், அதற்கும் கொடுத்துவிட்டார். நானே பானைகளைப் பின்னால் தள்ளி ஒட்டகங்களுக்கு இடம் விட்டேன்.

நேற்று நம் சுவாமியார் வந்து கோயில் குடிலுக்கு ஒன்று கேட்டார். ரோமாபுரி வரை போய் வந்தவர், திமிலை விரலால் எண்ணுவதை நான் பார்த்தேன், ஆனாலும் "ரொம்ப அழகு" என்று சொல்லி எடுத்துப் போனார். உன் நைனா இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், என்னிடமும் பேசினார். அடுத்த வருஷம் யானையாம். சாக்கை மடித்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி, திருநாளுக்கு முன்னால் மறக்காமல் சுவாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணு. சர்வேசுரன் உனக்கு நீண்ட ஆயுசும் நல்ல புத்தியும் தருவாராக. லீவு முடிந்து உங்கள் பட்டாளத்துக்குத் திரும்புகிற பனமலைச் செல்லப்பனிடம் முறுக்கும், வைக்கோல் சுற்றி ஒரு ஒட்டகமும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பத்திரமாகப் பெட்டிக்குள் வை, அந்த ஊர் ஜனங்களிடம் காட்டாதே. முக்கியமாக ஒட்டகங்கள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் முகம் பார்க்கக் காத்திருக்கும் அம்மா
ராயம்மாள்