பசி மறந்த செல்கள்

நாள் 211, காலை 07:10
நிலவைச் சுற்றும் செல் வளர்ப்புக் கூடம். பணியில் நான் ஒருத்திதான், பவளக்கொடி. வெப்பம் 37. இரண்டு செல் பொதிகள் இருக்கின்றன. ஒன்று நேற்று முதிர்ந்தது. இன்னொன்று முதிர்ந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது, கொட்ட வேண்டியது.

இதைக் கண்டெடுப்பவருக்கு: ஈரலின் நுண்குழாய்ச் சுவரில் உள்ள சில செல்கள், ரத்தத்தில் மிதக்கும் சிதைந்த புரதங்களையும் பிற குப்பைகளையும் விழுங்கிச் செரிக்கும். சூரியப் புயல் முதலில் அவற்றைத்தான் கொல்கிறது. நான் புதிதாக வளர்த்து, கீழே நிலவுத் தளத்துக்கு அனுப்புகிறேன். முதிர்ந்த ஐந்தே நாளில் அவை பசியை மறந்துவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் கொழுகொழுவென்று உயிரோடுதான் இருக்கும். ஒளிரும் புரதத்தை ஊட்டிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

தளத் தலைவர் ஞானசிகாமணி அந்தச் சோதனையை நிறுத்தினார். நாலு மணி நேரம் வீணாம். உயிரோடு இருந்தால் அனுப்பு என்று விதியே போட்டார். அந்த விதிப்படி நான் அனுப்பிய பொதிதான் என் தங்கை பூங்கோதைக்கு ஏறியது. புயலில் சிக்கிய பதினோராம் நாள் போய்விட்டாள். "உடம்பு ஏத்துக்கலை" என்று எழுதி முடித்தார். நாசமாய்ப் போகிறவர்.

நாள் 212, 16:25
புயல் அடித்தது. கீழிருந்து அவர் குரல்:
"பவளம், நான் வெளியில மாட்டிக்கிட்டேன்மா. ஒரு பொதி அனுப்பு. ஊட்டிப் பாத்து அனுப்பு, என்ன?"
தன் உயிர் என்றதும் நாலு மணி நேரம் கிடைத்துவிட்டது.
"சரிங்க சார்" என்றேன்.

நாள் 212, 21:00
பழைய பொதியை ஏற்றி அனுப்பினேன். செல்கள் உயிரோடு இருந்தன, விதி மீறவில்லை. மனசு மாறிவிடுமோ என்று புதியதைச் சாக்கடையில் ஊற்றினேன். அடுத்தது முதிரப் பன்னிரண்டு நாள் ஆகும். வயிறு குளிர்ந்தது. பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

நாள் 214, 09:15
"பவளம், வண்டி ஓட்டுற ஜெசிந்தாவும் புயல்ல மாட்டியிருக்கா. ரத்தம் என்னைவிட மோசம். பொதிய அவளுக்கே ஏத்தச் சொல்லிட்டேன். உன் தங்கச்சிக்குப் பண்ணின பாவத்துக்கு இதாவது செய்யறேனே. எனக்கு அடுத்தது வரட்டும்."


நாள் 214, 09:50
சாக்கடைக் குழாயைக் கழற்றித் துழாவினேன். ஒன்றும் மிச்சமில்லை. இந்த ஆளுக்கு நல்ல புத்தி இப்போதுதானா வர வேண்டும். பாவி, நீயல்லவா சாக வேண்டும்.

நாள் 217
நேரம் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும். ஜெசிந்தாவைக் காப்பாற்ற முடியாது; அடுத்த பொதி முதிர்வதற்குள் பதினோரு நாள் முடிந்துவிடும். எப்போது சாவோம் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியவரும்.

நாள் 218, 06:30
கீழிருந்து ஜெசிந்தா:
"அக்கா, ரொம்ப நன்றிக்கா. இன்னைக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கு. அம்மாகிட்டகூடப் பேசிட்டேன், பிழைச்சுட்டேன்னு."
ஒலிவாங்கியை அழுத்தினேன்.
"நல்லாத் தூங்கு தாயி" என்றேன்.