உப்பில்லாத மூன்று மில்லிமீட்டர்

9 செப்டெம்பர் 2024, திங்கள்

யட்டவத்த பஸ்ஸில் இன்றும் நின்றுகொண்டே வந்தேன். ஆலை வாசலில் பலீல் முதலாளி காத்திருந்தார். டொலமைட் கல்லை அரைத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு விற்கிற மனுஷனுக்கு இப்போது பனி உருக்கும் ஆசை. குளிர்நாட்டுக் கம்பனி ஒன்று கேட்கிறதாம். அங்கே ரோட்டுப் பனிக்கு உப்புப் போட்டுப் போட்டு வாகனம் துருப்பிடிக்கிறது, மரம் கருகுகிறது. வேறு ஏதாவது வேண்டுமாம். சுட்ட டொலமைட்டையும் வினாகிரியையும் சேர்த்தால் அப்படி ஒரு பொடி வரும் என்று நான்தான் முன்பு சொல்லி வைத்தேன். வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

"சாம்பிள் பாஸானா ஒங்கள நிரந்தரமாக்குறேன், ஷியாமளா மிஸ். இல்லாட்டி நவம்பரோட லேப மூடுறதுதான்."

நாலு வருஷமாக இந்த லேபில் தற்காலிகம். சரி என்றேன்.

18 செப்டெம்பர்

முதல் பொடி தயார். முதலாளி மேசையில் ஐஸ்கட்டி வைத்துத் தூவினார். பத்து நிமிஷத்தில் தண்ணீர். "பாத்தீங்களா!" என்று குதித்தார்.

"மாத்தளை வெயில்ல பொடி போடாட்டியும் உருகும் முதலாளி."

முகம் சுருங்கிப்போனது. பனி கொட்டுவதை இந்த ஆலையில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை.

20 செப்டெம்பர்

மைனஸ் ஐந்தில் சோதிக்க வேண்டும். அலுவிகாரை மீன்கடை றினோஸிடம் பழைய ஃப்ரீசர் ஒன்று இருக்கிறது. "அது கெழடாப் போச்சு மிஸ். மைனஸ் அஞ்சுக்குக் கீழ எறங்காது," என்றான். எனக்கு அதுதானே வேண்டும்! ஐஸ் உறைய வைக்கத் தட்டுகளும் தருகிறானாம்.

27 செப்டெம்பர்

ஒரு மணி நேரத்தில் எட்டு மில்லிமீட்டர் உருகியது. மூன்று தரமும் எட்டுத்தான். பொடி போடாத தட்டு ஒன்றையும் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். இடமில்லை, கால் கடுப்பு வேறு; விட்டுவிட்டேன். அறிக்கையில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

4 ஒக்டோபர்

கம்பனிக்குத் திருப்தி. முதலாளி வட்டிலப்பம் கொண்டுவந்தார். பல நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

11 ஒக்டோபர்

சாளை வாங்கப் போனேன். றினோஸ் கேட்டான்: "தட்டுல மீன் வாட அடிச்சிச்சா மிஸ்? ஒங்களுக்குன்னே கல்லுப்புப் போட்டுத் தேச்சுக் காய வச்சேன். அலசல்ல. அலசினா வாட திரும்பிடும்."

உப்பா? ஐயோ, உப்பா? உப்புக்குப் பதிலா செஞ்ச பொடிக்கு மார்க் போட்டதே உப்புத்தானா? அவனைத் திட்ட முடியுமா — நல்லது நினைச்சுச் செஞ்சிருக்கான். தப்பு என்னுடையது. பொடி போடாத அந்த ஒரு தட்டை வைத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

மீனைக் கடையிலேயே மறந்துவிட்டு வந்தேன்.

12 ஒக்டோபர்

முதலாளியிடம் சொன்னேன்.

"யாருக்குத் தெரியும்? வாய மூடிட்டு ஈங்க."

"அதை நம்பி ரோட்டுல போட்டு, பஸ் சறுக்கினா?"

"அது அவங்கட ரோடு!"

13 ஒக்டோபர், ஞாயிறு

பூசையில் ஒன்றும் காதில் விழவில்லை. முப்பத்தெட்டு வயசில் இனி எங்கே போய் வேலை தேடுவது? கம்பனிக்குச் சொல்லாவிட்டால்?

14 ஒக்டோபர்

கம்பனிக்கு அனுப்பிவிட்டேன். எட்டு மில்லிமீட்டர் என்றது பிழை, தட்டில் உப்பு இருந்தது, சரியான கணக்கு என்னிடம் இல்லை என்று. முதலாளிக்கும் ஒரு பிரதி.



22 ஒக்டோபர்

கம்பனி வேண்டாம் என்றுவிட்டது. நன்றி சொல்லியிருக்கிறார்கள். முதலாளி என் பக்கம் திரும்புவதே இல்லை.

8 நவம்பர்

லொறிக்காரரிடம் முதலாளி சொல்வது கேட்டது: "எங்கட மிஸ் ஈக்கிறாவே, வந்த ஓடரையே பிழைண்டு திருப்பி அனுப்பின ஆள்!" திட்டுகிறாரா, பெருமை பேசுகிறாரா? கேட்கவும் தெம்பில்லை.

29 நவம்பர், வெள்ளி

கடைசி நாள். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் விடியலிலேயே றினோஸ் கடைக்குப் போனேன். இரண்டு புதுத் தட்டு, ஒன்றில் மட்டும் பொடி. பொடி போடாததில் ஒன்றுமில்லை. போட்டதில் மூன்று மில்லிமீட்டர்.

லேப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலாளி எடுத்து வாசித்தார்.

"மூணுதானா?"

"மூணுதான்."

"உப்பில்லாம?"

"உப்பில்லாம."

லேப் சாவியை மேசையில் வைத்தேன். அவர் அதை என் பக்கம் திரும்பத் தள்ளினார்.

"திங்கக்கெழம கதவ யாரு தொறக்கிற?"

திரும்பும் பஸ்ஸிலும் இடமில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். மற்றக் கையில் சாவி இருந்தது.