பதினான்காம் கட்டில்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். நீ, மாமா, சின்னவள் மூவரும் நலம்தானே? போனில் பேசினால் என்ன என்று கேட்பாய். போன் என்றால், "சரி சரி, மெஷின் நின்னுடுச்சு, வை" என்று பாதியில் வைத்துவிடுவாய். கடிதம் என்றால் கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் ஆகவேண்டும்.

ஒரு நல்ல செய்தி. தலைமை அலுவலகத்தில் ஊழியர் நலப் பிரிவை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். நம் நிறுவனத்தின் ஆறு ஆஸ்பத்திரிகளும் இனி என் கையில். உன் ஆஸ்பத்திரியும் அதில் ஒன்று. உன் தம்பி உனக்கே அதிகாரி. பார்த்து நடந்துகொள்.

விளையாட்டு இருக்கட்டும். எங்கள் கவலை சமையலறை, சலவை, துப்புரவு மூன்றும்தான். ஆட்கள் நிற்பதில்லை. நிற்பவர்களும் மனசு வைத்துச் செய்வதில்லை. இந்த வருஷம் சம்பளம் ஏறாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். பணமில்லாமல் ஆட்களை உற்சாகப்படுத்து என்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை. மூன்று நாள் வகுப்பு வைத்தார்கள். பலூன் ஊதினோம். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் தோளை ஒருவர் பிடித்து நடந்தோம். அதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பதினேழு வருஷமாகச் சலவையில் இருக்கிறாய். நீ சொல். பணம் தவிர, உன் ஆட்களுக்கு என்ன வேண்டும்?

உன் அன்புத் தம்பி

* * *

மார்ச் 14

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. மாமாவிடம் படித்துக் காட்டினேன். "பலூன் ஊதவும் ஆபீஸ்ல சம்பளம் குடுக்கறாங்களா? நானும் வரட்டுமா?" என்றார்.

உன்னைப் பற்றிப் பெருமைதான். ஆனால் கேட்டாய், சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நாங்கள் தரைக்குக் கீழே வேலை செய்கிறோம். ஜன்னல் கிடையாது. மேலே ஏழு மாடியிலிருந்தும் அழுக்குத் துணி மூட்டை மூட்டையாக ஒரு குழாய் வழியாகத் தொப்பென்று விழும். எந்த வார்டில் எத்தனை கட்டில் என்று எங்களுக்குத் தெரியாது. எத்தனை மூட்டை என்றுதான் தெரியும். நோயாளிகளின் லிஃப்டில் நாங்கள் ஏறக்கூடாது.

இரண்டு மாதத்தில் நான்கு பேர் நின்றுவிட்டார்கள். மீதி ஒன்பது பேர். போன வாரம் ஆபரேஷன் தியேட்டருக்குத் துணி இரண்டு முறை தாமதம். நிர்வாகி இறங்கி வந்து, "இன்னும் ஒரு மாசம் பார்ப்பேன். இதே மாதிரின்னா வேலையை வெளியே குடுத்துடுவேன்" என்று என் ஆட்கள் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போனார். ஒன்பது வீட்டு அடுப்பு அது.

என்ன வேண்டும் என்றா கேட்டாய்? காற்றை இழுத்து வெளியே தள்ளும் ஃபேன் ஏழு மாதமாக ஓடவில்லை. கையுறை எல்லாம் ஆம்பளைக் கை அளவு. அழுக்குத் துணியில் கிடக்கும் ஊசி குத்தினால் தெரிவதற்குள் ரத்தம் வந்துவிடுகிறது. அழுக்குப் பிரிக்கும் மேஜைக்கு ஒரு ஸ்டூல். ஷிப்ட் மாறினால் ஒரு நாள் முன்னால் சொல்லவேண்டும். இதில் எதுவும் சம்பளம் இல்லை பார்.

அழுக்குப் பிரிப்பவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. வாய் மூடவே மாட்டாள். அவள் போன வாரம் ஒன்று சொன்னாள். "என் பொண்ணு தட்டை எடுத்துக்கிட்டு வேற ரூமுக்குப் போயிடறாக்கா. என் மேல ப்ளீச் நாத்தமாம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். போன வருஷம் ஒரு டாக்டர் வழி தவறி எங்கள் பக்கம் வந்துவிட்டார். சுற்றிப் பார்த்துவிட்டு, "இத்தனையும் நீங்களா துவைக்கறீங்க? ரொம்ப நன்றிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை ஒரு வாரம் பேசினார்கள். ஒரு வாரம் வேலையும் பறந்தது. மனுஷர்கள் அப்படித்தான். ஆனால் முதலில் ஃபேன்.

உன் அன்பு அக்கா

* * *

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியதை நாலு முறை படித்தேன். மூன்று நாள் வகுப்பில் கிடைக்காதது அதில் கிடைத்தது.

ஃபேன், கையுறை, ஸ்டூல் மூன்றையும் எழுதி மேலே அனுப்பியிருக்கிறேன். கட்டிடப் பிரிவு, கொள்முதல் பிரிவு என்று சுற்றி வரவேண்டும். பரிசீலனையில் இருக்கிறது.

ஆனால் அந்த டாக்டர் விஷயம்! யாரும் யோசிக்காத ஒன்று அது. நீங்கள் துவைக்கும் துணியில் யார் படுக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. படுப்பவர்களுக்கு உங்களைத் தெரியாது. அதனால் வார்டுகளில் பெட்டி வைத்து, சலவைப் பிரிவுக்கு நோயாளிகள் எழுதும் நன்றிக் கடிதங்களைச் சேர்க்கப்போகிறேன். தட்டச்சு செய்து வாராவாரம் உனக்கு வரும். திங்கட்கிழமை காலையில், மெஷின் போடுவதற்கு முன்னால் நீ படித்துக் காட்டவேண்டும். நீ படித்தால் கேட்பார்கள். செலவே இல்லாத வேலை. நிர்வாகியிடமும் பேசி மூன்று மாதம் தவணை வாங்கியிருக்கிறேன்.

உன் தம்பி

* * *

மே 6

என் அன்புத் தம்பிக்கு,

நீ நன்றாக இருக்கவேண்டும்.

முதல் திங்கட்கிழமை எனக்கு வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடப் பிரார்த்தனை மாதிரி எல்லோரையும் நிற்கவைத்துப் படித்தேன். இடுப்பு எலும்பு முறிந்த ஒருவர் எழுதியது. "மடிப்பு இல்லாத விரிப்பில் படுத்தால்தான் அதன் அருமை தெரியும்" என்று. உருளையில் இஸ்திரி போடுகிறவர் எங்களில் மூத்தவர், பெரியம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேர்வைடி" என்றார்.

இரண்டாம் வாரம் வந்ததுதான் ரேடியோவைப் புரட்டிப் போட்டது. குழந்தைகள் வார்டு, பதினான்காம் கட்டில், ஒரு தாய் எழுதியது. மகளுக்கு மருந்து வாசனை பட்டாலே குமட்டுமாம். "உங்கள் கையால் துவைத்த விரிப்பின் சுத்தமான வாசனையில் முகம் புதைத்துத்தான் என் மகள் தூங்கினாள். அந்த வாசனை எனக்கு இனி அம்மா வாசனை" என்று எழுதியிருந்தாள். "அக்கா, அந்த வாசனை வர்ற இடத்தை இன்னொரு தடவை படிங்க" என்றாள் ரேடியோ. மூன்று முறை படித்தேன். கடிதத்தை என்னிடம் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய் மகளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். மகள் அன்று அவளோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டாளாம்.

இந்த நான்கு வாரத்தில் ஒரு மூட்டை தாமதமில்லை. யாரும் வேலையை விட்டு நிற்கவில்லை. விரிப்பில் சின்னக் கிழிசல் இருந்தால் யாரும் சொல்லாமலே தைத்து அனுப்புகிறார்கள். நிர்வாகி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவருக்குக் கழுத்து அசையும் என்பதே அன்றுதான் தெரிந்தது.

ஒரு அனுமதி வேண்டும். கழிக்கப்பட்ட துணியில் ரேடியோ ஒரு முயல் பொம்மை தைத்திருக்கிறாள். கொதிக்கிற தண்ணீரில் இரண்டு முறை துவைத்துவிட்டாள். மேலே போய் அந்தக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு வரவேண்டுமாம். நீ ஒரு வார்த்தை சொன்னால் விடுவார்கள்.

ஃபேன் என்ன ஆயிற்று?

உன் அக்கா

* * *

மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். அவளை மேலே அனுப்பாதே. தொற்று பற்றிய விதி இருக்கிறது. அந்தக் குழந்தையும் குணமாகி வீட்டுக்குப் போயிருக்கும். பொம்மையை எனக்கு அனுப்பு, முகவரி தேடிச் சேர்த்துவிடுகிறேன்.

உங்கள் சலவைப் பிரிவைப் பற்றி இங்கே எல்லோரும் பேசுகிறார்கள். அடுத்த மாதம் ஆறு ஆஸ்பத்திரி நிர்வாகிகளுக்கும் நான் விளக்கிச் சொல்லப்போகிறேன். எல்லாம் உன்னால்தான்.

தம்பி

* * *

மே 27

தம்பி,

உன் கடிதம் வருவதற்கு ஒரு நாள் முன்னாலேயே அவள் போய்விட்டாள். சாப்பாட்டு நேரத்தில், சட்டையை மாற்றிக்கொண்டு, படியேறி ஐந்தாம் மாடிக்கு.

குழந்தைகள் வார்டில் மொத்தமே பன்னிரண்டு கட்டில்.

நர்ஸிடம் அவள் கடிதத்தைக் காட்டியிருக்கிறாள். நர்ஸ் கெட்டவள் இல்லை. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். "இந்த மாதிரி கேஸ் எதுவும் இல்லையேம்மா. பெட்டியா? இங்க யாரும் பெட்டி வைக்கலையே. இதை யாரு குடுத்தாங்க?" என்று கேட்டிருக்கிறாள். பின்னால் நின்ற இன்னொருத்தி சிரித்துவிட்டாள்.

இறங்கி வந்து பொம்மையை என் மேஜை மேல் வைத்தாள். "நீங்க படிச்சதுதானேக்கா?" என்றாள். அவ்வளவுதான். கையுறையை மாட்டிக்கொண்டு மூட்டையைப் பிரிக்கப் போய்விட்டாள். அன்று முழுக்க அவளிடமிருந்து ஒரு சத்தம் இல்லை.

நான் பாத்ரூமில் போய் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை மறுபடியும் படித்தேன். ப்ளீச் நாற்றம் என்று மகள் தட்டை எடுத்துக்கொண்டு போவதை உலகத்தில் ஒருத்தருக்குத்தான் எழுதினேன். அவளுக்கு எங்கே வலிக்கும் என்று நான்தான் உனக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். நீ பார்த்துச் சரியாக அங்கே கை வைத்திருக்கிறாய்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஏழு கடிதம் படித்தேன். அதில் ஒன்றாவது நிஜமா?

அக்கா

* * *

ஜூன் 4

என் உயிர் அக்காவுக்கு,

நீ இல்லாவிட்டால் நான் இல்லை. அதனால் உன்னிடம் மறைக்கவில்லை. ஏழும் நான் எழுதியது.

பெட்டி வைக்கச் சொல்லி ஆறு ஆஸ்பத்திரிக்கும் கடிதம் போட்டேன். யாரும் வைக்கவில்லை. வலியில் படுத்திருப்பவன் விரிப்பைத் துவைத்தவளை நினைத்து எழுதுவானா? எழுதமாட்டான். ஆனால் எழுதியிருக்கவேண்டும் அல்லவா? அவர்கள் எழுதியிருக்கவேண்டியதை நான் எழுதினேன். அதில் ஒரு வார்த்தை பொய்யா, சொல். உங்கள் வேலை மேலானது இல்லையா?

யாருக்கு என்ன நஷ்டம்? ஒன்பது பேரும் வேலையில் இருக்கிறார்கள். ரேடியோவின் மகள் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். அது நிஜம்தானே?

மற்றவர்களிடம் சொல்லாதே. தட்டச்சில் கட்டில் எண் தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். நீ சொன்னால் நம்புவார்கள். பதினெட்டாம் தேதி நான் எல்லா நிர்வாகிகள் முன்னாலும் பேசவேண்டும். இந்த நேரத்தில் இது வெளியே வந்தால் என் வேலையே போய்விடும். உனக்காகத்தான் இத்தனையும் செய்தேன்.

உன் தம்பி

* * *

ஜூன் 21

தம்பிக்கு,

பதினெட்டாம் தேதி நன்றாகப் போனதாக நிர்வாகி சொன்னார். கை தட்டினார்களாம். நான் யாரிடமும் மேலே புகார் சொல்லவில்லை. உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது. பயப்படாதே.

என் ஆட்களிடம் சொல்லிவிட்டேன். ஏழாம் தேதி திங்கட்கிழமை. கடிதத்துக்காக வழக்கம்போல வந்து நின்றார்கள். "இது எல்லாம் என் தம்பி எழுதினது. எனக்குத் தெரியாது. ஆனா படிச்சது நான்" என்றேன். யாராவது திட்டுவார்கள் என்று நின்றேன். பெரியம்மாதான் பேசினார். "சரி விடு. மெஷினைப் போடு." அவ்வளவுதான்.

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டிருந்தாய்.

பன்னிரண்டாம் தேதி இரண்டாம் மாடியிலிருந்து ஒரு காகிதம் வந்தது. பேனாவால் கோணல்மாணலாக எழுதியிருந்தது. ஒரு கிழவர், படுக்கையிலேயே ஒன்றுக்குப் போய்விடுவாராம். ஒரு நாளில் நாலு முறை விரிப்பு மாற்றினார்களாம். "கீழே துவைக்கிறவர்கள் என்னை மன்னிக்கவேண்டும்" என்று எழுதி, துணி மூட்டையோடு அனுப்பச் சொல்லியிருக்கிறார். நான் படித்துக் காட்டினேன். பாதியில் ஒருத்தி, "போதும்க்கா, உங்க தம்பி நல்லாத்தான் எழுதறாரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ரேடியோ சிரிக்கவில்லை, மேஜையை விட்டு நகரவும் இல்லை.

நான் இரண்டாம் மாடிக்கு ஏறிப் போனேன். அந்தக் கிழவர் இருக்கிறார். பார்த்தேன். பேசினேன். கீழே வந்து, "நிஜம்டி, நான் கண்ணால பார்த்தேன்" என்றேன். "சரிக்கா" என்றார்கள். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, "சரிக்கா."

பதினேழு வருஷத்தில் அந்த அறையில் எனக்கு இருந்தது என் வார்த்தை ஒன்றுதான். ஃபேன் இல்லாமலும் கையுறை இல்லாமலும் அதை வைத்துத்தான் வேலை வாங்கினேன்.

துணி நேரத்துக்குப் போகிறது. யாரும் தாமதிப்பதில்லை. கிழிசலை மட்டும் யாரும் தைப்பதில்லை. கிழிந்ததைக் கிழிந்தபடியே மடித்து அனுப்புகிறார்கள். நான் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது? ரேடியோ இந்த மாதக் கடைசியோடு நின்றுவிடுகிறாள். மகள் மறுபடியும் வேறு அறையில் சாப்பிடுகிறாளா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஸ்டூல் நானே வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்டுவிட்டேன். ஃபேனைப் பற்றி இனி உன்னிடம் கேட்கமாட்டேன்.

இதை எழுதுவதற்கு முன்னால் உன் போன கடிதத்தைத் திரும்பப் படித்தேன். "நீ இல்லாவிட்டால் நான் இல்லை" என்று எழுதியிருக்கிறாய். நீ அதை மனசாரக்கூட எழுதியிருக்கலாம். ஆனால் படித்தவுடனே எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இந்த வரியை எழுதி என்னிடம் என்ன வேலை வாங்கப் பார்க்கிறான் என்று தோன்றியது. அதோடு நிற்கவில்லை. பெட்டியைத் திறந்து, நீ படிக்கப் போன காலத்திலிருந்து எழுதிய எல்லாவற்றையும் எடுத்தேன். "அக்கா, உன் ஞாபகமாகவே இருக்கிறது" என்று இருக்கிற இடத்திலெல்லாம், கீழே என்ன கேட்டிருக்கிறாய் என்று தேட ஆரம்பித்துவிட்டேன். நாலு கடிதத்துக்கு மேல் முடியவில்லை. கட்டி உள்ளே வைத்துவிட்டேன். அவற்றையாவது விட்டுவைக்கவேண்டும்.

அதனால் இனி எனக்கு எழுதாதே. எழுதினால் பிரிக்கமாட்டேன். மாமாவுக்குப் போன் பண்ணு. நீ நலமா என்று அவரிடம் தெரிந்துகொள்கிறேன்.

அக்கா