இரண்டு விரல் கூடுதல்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் போனார்கள். காலை ஆறு மணி, கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். பதினோரு ரேஸ் சைக்கிள். சங்கிலி ஓடும் மெல்லிய சரசரப்பு மட்டும்தான். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி மேட்டில் ஏறி, ஒவ்வொருவராக வானத்துக்குள் இறங்கிப் போவது போல மறைந்தார்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஏரி இருக்கிறதாம். நான் பார்த்ததில்லை.

அப்புறம் நாள் முழுக்க ஒன்பது பேண்ட்டுக்குக் கால் மடித்துத் தைத்தேன்.

மார்ச் 6, வியாழன்

நான் சைக்கிள் வாங்க அண்ணி சரி என்றுவிட்டாள்! அவளுடைய ஆல்ட்டர் கடையில் நான் உட்கார்ந்து இரண்டு வருடம் ஆகிறது, வாயைத் திறந்து ஒன்று கேட்டது இதுதான் முதல் தடவை என்று அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் சும்மா இருக்கவில்லை.

"ஒட்டகச்சிவிங்கிக்கு எவன் சைக்கிள் செய்யறான்? ரெண்டு காலு, மேல ஒரு தலை. நடுவுல எதையும் வைக்க மறந்துட்டாங்க."

"உங்களுக்கு நடு மட்டும்தான் வச்சாங்க," என்றாள் அண்ணி, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. அண்ணன் தன் வயிற்றைக் குனிந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

மார்ச் 7, வெள்ளி

சைக்கிள் கடையை ஒரு அக்கா நடத்துகிறார். பழைய ஃபிரேம்கள் கூரையிலிருந்து கொக்கியில் தொங்குகின்றன. சக்கரம் இல்லை, சீட் இல்லை, எலும்பு மட்டும். ஒரு முக்கோணத்துக்குள் மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் உயரத்துக்கு ஒத்து வரக்கூடியது இரண்டுதான். ஒன்று நீலம், விளக்கு ஏற்றுவதற்கு முந்தைய வானத்தின் நீலம். இன்னொன்று அளவில் சின்னது, ஈர சிமெண்ட் நிறம், அங்கங்கே பெயிண்ட் உதிர்ந்திருந்தது.

"கலரைப் பாக்காதே. சீட்டை ஏத்திக்கலாம், இறக்கிக்கலாம். மேல் பார் நீளத்தை யாராலயும் மாத்த முடியாது. அது உன் முதுகுக்கும் கைக்கும் சரியா வரணும்," என்றார் அக்கா. டேப்பை எடுத்தார். சுவரோடு சாய்ந்து நிற்கச் சொன்னார். பில் போடும் இடத்தில் இரண்டு ஆண்கள் நின்றிருந்தார்கள்.

அளவு நானே எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொன்னேன். சொன்னேனா, ஓடினேனா?

தினம் எத்தனை பேரை அளக்கிறேன். என்னை யாரும் அளந்ததில்லை.

மார்ச் 9, ஞாயிறு

கடை லீவு. பிரவுன் தாளைத் தரையில் விரித்து மேலே மல்லாந்து படுத்தேன், கை கால்களை விரித்து. அண்ணி தையல் சாக்பீஸால் என்னைச் சுற்றிக் கோடு போட்டாள். காதுக்குப் பக்கத்தில் கூசியது. "அசையாதடி. அப்புறம் உன் தலை உருளைக்கிழங்கு மாதிரி வந்தா என்னைக் கேக்கக் கூடாது."

வெட்டியது நான். ட்ரையல் ரூம் கதவுக்குப் பின்னால் மாட்டினேன். சாக் துணியில் ஒட்டும் என்று கோடு இருந்த பக்கத்தைக் கதவோடு திருப்பிவிட்டேன்.

நன்றாக இருக்கிறாள். காலுக்கு ஏற்ற உடம்பு. ஒட்டகச்சிவிங்கி எங்கே? ரொம்ப நேரம் அவளோடு நின்றேன்.

மார்ச் 10, திங்கள்

தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். அக்கா சிரித்தார், சிரித்து முடித்துத் தரையில் உட்கார்ந்தார். "இவங்களை அனுப்பிட்டு நீ எங்க ஒளிஞ்சிக்கப் போறே?"

சாக் கோடு கீழே இருக்கும்படி விரித்து, ஃபிரேம்களை மேலே வைத்துப் பார்த்தோம். நீலம்! சிமெண்ட் அவளுக்குக் குட்டை. அக்கா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். சிமெண்டைச் சனிக்கிழமை ஒரு காலேஜ் பெண் பார்க்க வருகிறாளாம்.

மார்ச் 11, செவ்வாய்

கனவில் நீல ஃபிரேமுக்குச் சக்கரமே இல்லை. ஆனாலும் போனது.

மார்ச் 13, வியாழன்

அக்கா சும்மா ஓட்டிப் பார்க்கச் சொல்லி, சக்கரமும் ஹேண்டிலும் மாட்டி வைத்திருந்தார். பின் சந்தில் நான்கு சுற்று. காற்றில் நனைந்த மாதிரி இருந்தது. ஆனால் ஹேண்டில் தூரமாக இருந்தது. யாரோ ஒரு பொருளைக் கொடுப்பது போல நீட்டி, கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்வது போல. கழுத்து வலித்தது. உள்ளங்கை மரத்துவிட்டது.

எப்படி இருக்கு என்று கேட்டார். நல்லா இருக்கு என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? ஸ்கூலிலும் இதே கதைதான். எழுந்து நின்றால் வகுப்பே என் கால்களைப் பார்த்துச் சிரிக்கும். அதனால் விடை தெரிந்தாலும் எழமாட்டேன். அப்புறம் போவதையே நிறுத்திவிட்டேன். வீட்டில் கேட்டதற்குப் படிப்பு ஏறவில்லை என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

பாவாடைத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். "தையலுக்கு ரெண்டு விரல் விட்டு வெட்டு," என்றாள் அண்ணி. தினம் சொல்வதுதான்.

கத்தரி நின்றுவிட்டது.

கதவுக்கு ஓடித் தாளைத் திருப்பினேன். சாக் கோடு ஓரத்திலிருந்து இரண்டு விரல் உள்ளே இருக்கிறது. சுற்றிலும்! கை தன் பழக்கத்துக்கு வெட்டியிருக்கிறது. என்னைத் தைக்கவா போகிறேன்?

விரல் வைத்துப் பார்த்தேன். பாதத்தில் இரண்டு விரல் கூடுதல், தொடை பிரியும் இடமும் இரண்டு விரல் இறங்கியிருக்கிறது. அதனால் கால் நீளம் சரி. ஆனால் தோள் இரண்டு விரல் ஏறி, கீழே இரண்டு விரல் இறங்கி — உடம்பு நான்கு விரல் நீளம். கையும் நீளம். நீலம் பொருந்தியது வெட்டிய ஓரத்துக்கு. உள்ளே கோட்டில் படுத்திருக்கிறாளே, அவள்தான் நான். ஒட்டகச்சிவிங்கியேதான்.

நாளைக்கு அந்தப் பெண் வந்து சிமெண்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். பேசாமல் இருந்தால் நீலம் எனக்கு. பழகிவிடும். எல்லாமே பழகித்தானே இருக்கு எனக்கு? கழுத்தும் பழகிடும். ஏரி வரைக்கும் பழகுமா?

மார்ச் 15, சனி

கடையில் ஐந்து பேர். காலேஜ் பெண் சிமெண்ட் ஃபிரேம் மேல் கை வைத்திருந்தாள். நான் தாளைக் கொண்டுபோகவில்லை.

"அக்கா, அளவு தப்பு."

"எந்த அளவு?"

"என்னோடது. தாள் என்னைவிடப் பெரிசு. என்னையே அளந்துடுங்க."

யார் குரல் அது? என்னுடையதுதான்.

சுவரோடு நின்றேன். தொடைகளுக்கு நடுவில் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை மேலே அழுத்திப் பிடிக்கச் சொன்னார். டேப்பின் மறுமுனையைப் பிடித்தது காலேஜ் பெண். எல்லோரும் பார்த்தார்கள். முகம் கொதித்தது. கால் ரொம்ப நீளம், முதுகு குட்டை என்று அக்கா சத்தமாகச் சொல்லி எழுதிக்கொண்டார், துணி அளவு சொல்வது போல. அவ்வளவுதான். சிமெண்ட்.

அந்தப் பெண் என்னை முறைத்தாள். "முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? நீலம் போயிடுச்சேன்னு ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே இல்ல."

மார்ச் 16, ஞாயிறு

சீட்டை ஏற்றி ஏற்றி, கம்பி கொக்குக் கழுத்து மாதிரி நிற்கிறது. அண்ணன் சுற்றி வந்து பார்த்தான். "உன்னை மாதிரியே இருக்கு," என்றான். கிண்டல்தான். ஆனாலும் டயருக்குக் காற்றடித்துக் கொடுத்தான்.

மார்ச் 23, ஞாயிறு

ஏரி இருக்கிறது. நினைத்ததைவிடச் சின்னது, நினைத்ததைவிட அமைதி. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், மேடுதான் வருகிறது.

எங்கள் கடை ஷட்டர் மூடியிருந்தது. அதைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, பாதி மேட்டில் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. முன்னால் காலேஜ் பெண்ணின் நீலம் சின்னதாகிக்கொண்டே போனது. தினம் போகும் பதினோரு பேரும் எனக்காக மெதுவாகப் பின்னால் வந்தார்கள்; அவர்களில் அக்காவும் ஒருவர் என்று இன்றுதான் தெரிந்தது. "சீட்டை விட்டு எழுந்திரு. அவ்வளவு நீளக் காலு எதுக்கு இருக்கு?" என்று பின்னாலிருந்து அக்கா குரல்.

எழுந்தேன். உச்சி வரை உட்காரவில்லை.